தொப்பை வசதியின் அடையாளமா?

நம்ம முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் யாருக்காவது தொப்பை விழுந்தா "வசதி வந்துருச்சு"ன்னு சொல்வாங்க. மருத்துவம் வேறு கணக்குச் சொல்கிறது.

கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை எண். 1.70 மீட்டர், 75 கிலோ என்றால் 26. உலக அளவுகோலில் இது அதிக எடைதான். இந்தியருக்கோ 25-லேயே உடல் பருமன்! நமக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்ந்து இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு பின்னாலேயே வரும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், 15-49 வயதுத் தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் 25-ஐத் தொட்டவர்கள்.

எடை மெஷின் வேண்டாம், டேப் போதும். வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள் இருக்கணும். எங்கப்பாவுக்கு அளந்தேன்: 98. சிரிச்சாரு, ஆனா மறுநாள் சர்க்கரை டெஸ்டுக்கு வந்தாரு.

எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும். தட்டில் சோறு பாதி, காய் மீதி; தினம் அரைமணி வேக நடை. மாத்திரை, ஊசி டாக்டர் சொன்னால்தான். இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் மிகவும் பருத்தவர்களுக்கு மட்டும்.