மறதிநோயும் தாய்மொழியும்

நுழையும்முன்

முதுமையில் சிலருக்கு நினைவாற்றல் சிறிது சிறிதாகக் குறைகிறது. அவர்களின் உள்ளம் படும் பாட்டையும், நாம் கற்கும் தமிழ் அவர்களுக்குத் துணையாவதையும் இப்பாடத்தில் அறிவோம்.

மறதியும் மறதிநோயும்

தேநீரில் சர்க்கரை போட மறப்பது எவருக்கும் இயல்பு. பல்லாண்டுகளாகத் தாமே போட்டுவந்த தேநீரை எப்படிப் போடுவது என்பதே ஒருவருக்கு மறந்துபோனால், அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். இந்நிலையை மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். தமிழில் மறதிநோய் என்கிறோம். மூளையைத் தாக்கும் பல நோய்களால் இது உண்டாகிறது. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனையில் 1901ஆம் ஆண்டு 51 அகவைப் பெண்மணி ஒருவரை அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் கவனித்துவந்தார். அவர் மறைந்தபின் மூளையை ஆராய்ந்து, தாம் கண்டதை 1906இல் அறிவித்தார். அவர் பெயரே நோய்க்கும் பெயராயிற்று.

இந்தியாவில் 60 அகவை கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

உள்ளம் படும் பாடு

மூளையின் உள்ளே கடற்குதிரை வடிவில் ஒரு சிறு பகுதி உண்டு. புதிய நினைவுகளைப் பதியவைப்பது அதன் பணி. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே அதைத் தாக்குகிறது. ஆகவே காலையில் உண்டது மறந்துபோகும். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய திருமணம் நினைவில் நிற்கும். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பவர் நம்மைச் சோதிக்கவில்லை. அவருக்கு ஒவ்வொரு முறையும் அதுவே முதல் முறை. தாம் வைத்த பணப்பையைக் காணாதபோது, யாரோ எடுத்துவிட்டதாக அவர் அஞ்சுகிறார். மாலை மங்கும் வேளையில் சிலருக்குக் கலக்கம் மிகும்.

நிகழ்ச்சி மறந்துபோனாலும் அது தந்த உணர்வு சிறிது நேரம் தங்குகிறது. நாம் கடிந்துகொண்டதை அவர் மறப்பார். அதனால் எழுந்த வருத்தம் உடனே நீங்குவதில்லை. அன்போடு பேசியதால் பிறந்த மகிழ்ச்சியும் அவ்வாறே.

கட்கியில் ஒரு பாட்டி

நம் கட்கி, படைமுகாமாக வளர்ந்த ஊர். இங்கு 1869ஆம் ஆண்டு வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பணியின் பொருட்டு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்குப் பல உள்ளன. அத்தகைய குடும்பத்துப் பாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். திருமணமாகி இங்கு வந்த பின்னரே கடைத்தெருவிலும் அண்டை வீட்டாரிடமும் இந்தியும் மராத்தியும் கற்றார். அவருக்கு மறதிநோய் வந்தால், பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் மங்கக்கூடும். இளமையில் பேசிய தமிழ் நெடுநாள் நிலைக்கக்கூடும். அப்போது இந்தி மட்டுமே அறிந்த பேரப்பிள்ளை, ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு அயலார் ஆகிவிடுவார். தமிழ் பேசும் பேரப்பிள்ளையோ பாட்டிக்குப் பெருந்துணை ஆவார்.

"ஊருக்குப் போக வேண்டும்" என்று பாட்டி மாலைதோறும் எழுந்து நிற்கலாம். "இதுதானே நம் வீடு! தெரியவில்லையா?" என்று வாதிட்டால் அச்சமே மிகும். "உங்கள் ஊரில் கிணறு எங்கே இருந்தது, பாட்டி?" என்று கேளுங்கள். அவர் அமர்ந்து சொல்லத் தொடங்கலாம். அவர் தேடுவது பெரும்பாலும் ஊரை மட்டுமன்று. அங்கு இருந்த பாதுகாப்பையும் அன்பையுமே.

பல மொழி அறிவதால் மற்றொரு பயனும் உண்டு. ஐதராபாத்தில் மறதிநோயுற்ற 648 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியிருந்தது. எழுத்தறியாதவரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. மொழி நோயைத் தடுக்கும் மருந்தன்று. ஆயினும் மூளைக்கு நல்ல பயிற்சி.

நாம் செய்யத்தக்கவை

1. "நான் யார், சொல்லுங்கள்" என்று சோதிக்காமல், "பாட்டி, நான் உங்கள் பேத்தி கயல்" என்று நாமே சொல்லுதல்.
2. முகம் பார்த்து, சிறு தொடர்களில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூறுதல்.
3. பூத்தொடுத்தல், கீரை ஆய்தல் போன்ற பழகிய பணிகளில் அவரையும் சேர்த்துக்கொள்ளுதல்.
4. வழிதவறினால் உதவுமாறு, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை அவர் உடையில் வைத்தல்.
5. நாள்தோறும் சிறிது நேரம் அவருடன் அமர்ந்து, அவரைப் பேணும் அம்மாவுக்கோ அத்தைக்கோ ஓய்வளித்தல்.

தெரிந்து கொள்வோம்

உலக அல்சைமர் நாள்: செப்டம்பர் 21. முதியோருக்கான தேசிய உதவி எண்: 14567.

அருஞ்சொற்பொருள்

அகவை – வயது. கடிந்துகொள்ளுதல் – கோபித்துப் பேசுதல். அயலார் – வேற்று மனிதர். பேணுதல் – பாதுகாத்தல்.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. மறதிநோய் உற்றவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஏன்?
2. "ஊருக்குப் போக வேண்டும்" என்பவரிடம் வாதிடலாகாது. ஏன்?

ஆ. எதிர்ச்சொல் எழுதுக: முதுமை, மறதி, வருத்தம்.

இ. செயல்பாடு: உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அவர்களின் இளமைக்கால ஊரைப் பற்றித் தமிழில் ஐந்து கேள்விகள் கேளுங்கள். விடைகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.