பன்னிரண்டு பேருக்குச் சொதிச் சாப்பாடு: முதல்முறை விருந்து வைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பத்து வகை வைத்தால்தான் விருந்து என்று நானும் நினைத்திருந்தேன். தனிக்குடித்தனம் போன மூன்றாம் மாதம், கணவரோடு வேலை பார்க்கிறவர்கள் 8 பேரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், இரண்டு பொரியல், கூட்டு, அவியல், வடை, பாயசம் என்று விடியற்காலை 4 மணியிலிருந்து அடுப்படியே கதி. வந்தவர்கள் எல்லாவற்றிலும் மரியாதைக்கு ஒரு கரண்டி வைத்துக்கொண்டார்கள். கூட்டும் அவியலும் மூன்று நாள் ஃபிரிட்ஜில் கிடந்து குப்பைக்குப் போயின. வந்தவர்களோடு நான் நாலு வார்த்தை பேசவில்லை. அந்த மாதக் கடைசியில் கையில் காசும் இல்லை.

ஆச்சியிடம் போனில் புலம்பினேன். "ஏட்டி, பேசாம சொதி வச்சிருக்கலாம்லா" என்றாள்.

திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாடு சொதி. மாப்பிள்ளைச் சொதி என்றே சொல்வார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த காய்கறியும் பாசிப்பருப்பும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு, அப்பளம். கடைசியில் மோர். சாம்பாரும் கூட்டும் கிடையாது. புது மாப்பிள்ளைக்கே இவ்வளவு போதும் என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. நம் விருந்தாளிகளுக்கு ஏன் போதாது?

தலைக்கு 100 ரூபாய்க்கு முன்னேபின்னே ஆகும். அதில் பெரும்பங்கு தேங்காய்க்கும் இனிப்புக்கும் போய்விடும்.

முதல் படி: ஆள் கணக்கு

முதல் தடவை 12 பேரைத் தாண்டாதீர்கள். 6 பேராக இரண்டு பந்தி. வீட்டில் இருக்கிற தட்டு, டம்ளர், அடுப்பு எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கும். எதையும் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை.

கூப்பிடும்போதே "சொதிச் சாப்பாடு" என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு குழம்பை வைத்து நடக்கிற சாப்பாடு என்று தெரிந்து வருகிறவர் மற்ற வகைகளைத் தேடமாட்டார். தெரியாதவர்கள் "அது என்ன?" என்று கேட்பார்கள். பேச்சு அங்கேயே ஆரம்பித்துவிடும்.

இரண்டாம் படி: சாமான்

12 பேருக்கு இது போதும். நான் பலமுறை வைத்துப் பார்த்த கணக்கு.

சொதிக்கு: தேங்காய் 4, பாசிப்பருப்பு 200 கிராம், முருங்கைக்காய் 4, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு ஒவ்வொன்றும் கால் கிலோ, பச்சைப்பட்டாணி 150 கிராம், சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு ஒரு கை, பச்சை மிளகாய் 15, இஞ்சி இரண்டு விரல் நீளம், எலுமிச்சை 2.

மற்றதற்கு: அரிசி ஒன்றரைக் கிலோ, உருளைக்கிழங்கு ஒன்றரைக் கிலோ, இஞ்சி 100 கிராம், பச்சை மிளகாய் 4, புளி 50 கிராம், வெல்லம் 100 கிராம், அப்பளம் 15, ஒன்றரை லிட்டர் பாலில் உறை ஊற்றின தயிர், கொஞ்சம் மோர் மிளகாய், அல்வா அரைக் கிலோ, இலை 14.

தேங்காயை மட்டும் 5 வாங்குங்கள். ஒன்று அழுகலாக விழுந்தால் கடைசி நேரத்தில் கடைக்கு ஓடவேண்டாம். நன்றாக விழுந்தால் மறுநாள் சட்னிக்கு ஆச்சு. கையில் எடுத்தால் கனக்க வேண்டும், ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், கண் ஈரமாக இருக்கக் கூடாது. இளசாக இருந்தால் பால் தண்ணியாக வரும்.

காய்க்கு உழவர் சந்தை இருக்கிற ஊர் என்றால் காலையிலேயே அங்கே போய்விடுங்கள். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். பேரம் பேசத் தெரியாத புதுக் குடித்தனக்காரர்களுக்கு இதைவிட வசதி இல்லை. மார்கழி, தையில் முருங்கைக்காய் விலை கேட்டால் மயக்கம் வரும். அப்போது இரண்டே போடுங்கள், மணத்துக்குப் போதும். வெயில் காலத்தில் பீன்ஸ் விலை ஏறும், அதற்குப் பதில் சௌசௌ போடலாம். பச்சைப்பட்டாணி கிடைக்காத மாதங்களில் காய்ந்த பட்டாணியை ராத்திரியே ஊறப்போடலாம். கத்தரிக்காய், தக்காளி, பீட்ரூட் மட்டும் சொதிப் பக்கம் வரக்கூடாது. அதன் அழகே அந்த வெளிர்ந்த நிறம்தான். மஞ்சள் தூளும் அதனால்தான் போடுவதில்லை.

இன்னொன்று, முகூர்த்த நாளில் விருந்து வைக்காதீர்கள். இலையும் காயும் அன்றைக்கென்று விலை ஏறியிருக்கும்.

இனிப்பைக் கடையில் வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒருவருக்கு 40 கிராம் அல்வா, அதாவது ஒரு சின்னத் துண்டு, போதும். நெய்யும் முந்திரியும் வாங்கி நீங்களே கிண்டினால் செலவும் கூடும், ஒரு மணி நேரம் கையும் கடுக்கும்.

மூன்றாம் படி: முந்தின நாள் சாயங்காலம்

இஞ்சிப் பச்சடியை இன்றே முடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி ஊறினால்தான் அதற்கு ருசி. இஞ்சியைத் தோல் சீவிப் பொடிப்பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, நாலு பச்சை மிளகாயோடு சிவக்க வதக்குங்கள். புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டுப் பச்சை வாடை போகக் கொதிக்க விடுங்கள். பிறகு வெல்லம். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியில் ஒட்டுகிற பதம் வந்ததும் இறக்குங்கள். இதை வேண்டாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தேங்காய்ப்பால் மந்தம், இஞ்சி அதைச் சரிக்கட்டும் என்பது ஊர்ப் பேச்சு. வைத்தியம் எப்படியோ, அந்தப் பால் ருசிக்கு நடுவில் புளிப்பும் காரமும் நாக்கைத் தட்டி எழுப்பவேண்டும்.

சின்ன வெங்காயம் உரிப்பது, பூண்டு உரிப்பது, பீன்ஸ் நார் எடுப்பது எல்லாம் டி.வி. பார்த்துக்கொண்டே ஆகிவிடும். தேங்காயைத் துருவி மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். பால் மட்டும் இன்று எடுக்காதீர்கள், புளித்துவிடும்.

நான்காம் படி: காலையில் பால் எடுப்பது

டம்ளர் என்றால் இங்கே 200 மில்லி. துருவலில் 3 டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, மிக்ஸியில் இரண்டு மூன்று தடவையாக அரைத்து, மெல்லிய துணியில் பிழியுங்கள். இது முதல் பால், கெட்டியாக இருக்கும். தனியாக எடுத்து வையுங்கள். சக்கையில் 5 டம்ளர் விட்டு அரைத்தால் இரண்டாம் பால். இன்னொரு 5 டம்ளர் விட்டால் மூன்றாம் பால். ஜில்லென்ற தண்ணீரில் அரைத்தால் கொழுப்பு சக்கையிலேயே நின்றுவிடும்.

மூன்று பாத்திரமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு தடவை இரண்டாம் பால் என்று நினைத்து முதல் பாலில் காயை வேகவைத்தேன். அதிலிருந்து முதல் பால் மேல் ஒரு கறிவேப்பிலை இணுக்குப் போட்டுவிடுகிறேன், அடையாளத்துக்கு.

ஐந்தாம் படி: சொதி

பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவையுங்கள். பச்சை மிளகாயையும் இஞ்சியையும் நைஸாக அரையுங்கள். காரம் முழுக்க இதில்தான்.

அகலமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்கி, எல்லாக் காயையும் போட்டு, மூன்றாம் பாலை ஊற்றி, உப்புப் போட்டு வேகவிடுங்கள். முருங்கைக்காய் வெந்ததும் பருப்பு, அரைத்த விழுது, இரண்டாம் பால். ஒரு கொதி. இதுவரை எந்த பயமும் இல்லை.

இனிமேல்தான் விஷயம். தீயை அடிமட்டத்துக்குக் குறைத்து முதல் பாலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி பொடி நுரை கட்டும், நடுவில் லேசாக ஒரு அசைவு வரும். அதற்கு மேல் அரை நிமிஷம்கூட வேண்டாம், இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் தனி, திப்பி தனி என்று திரிந்துவிடும். எலுமிச்சை பிழிவது இறக்கிச் சூடு கொஞ்சம் அடங்கிய பிறகு. மூடிபோட்டு வைக்காதீர்கள். நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

எனக்குத் திரிந்திருக்கிறது. வாசலில் மணி அடித்தது என்று போய் "வாங்க வாங்க" சொல்லிவிட்டு வருவதற்குள் சொதி மேல் எண்ணெய்த் திட்டுகள். சித்தி பக்கத்தில் இருந்தாள். பதறாமல் காயைக் கரண்டியால் ஒதுக்கி, இரண்டு டம்ளர் சொதியை எடுத்து ஆறவைத்து, கொஞ்சம் வெந்த பருப்பைப் போட்டு மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப ஊற்றினாள். பழையபடி ஆகவில்லை, ஆனால் யாருக்கும் தெரியவில்லை. ஆட்கள் வருவதற்கு அரைமணி முன்னாலேயே முதல் பாலை ஊற்றி இறக்கிவிடுங்கள். சொதி கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுகிற பண்டம் இல்லை.

ஆறாம் படி: உருளை, அப்பளம், சோறு

உருளையைக் காலையிலேயே வேகவைத்து, நன்றாக ஆறினபிறகு தோலுரித்து வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் மாவாகும். மிளகாய்த்தூள், மஞ்சள், பெருங்காயம், உப்புப் புரட்டி அகலமான இரும்பு வாணலியில் இரண்டு தடவையாக முறுகவிடுங்கள். மொத்தமாகப் போட்டால் முறுகாது, வேர்த்துப்போகும். அப்பளத்தை ஒரு மணி நேரம் முன்னால் பொரித்து டப்பாவில் போடலாம். அதே எண்ணெயில் மோர் மிளகாய்.

5 லிட்டர் குக்கரில் ஒரே தடவையில் முக்கால் கிலோ அரிசிக்கு மேல் வைக்கக்கூடாது. அது நமக்கு நல்லதே: முதல் பந்திக்கு முக்கால், அவர்கள் உட்காரும்போது இரண்டாவது முக்கால். இரண்டு பந்திக்கும் சுடுசோறு.

ஏழாம் படி: இலையும் பரிமாறுவதும்

சிக்கனம் உண்மையில் இங்கேதான். பாத்திரங்களை மேஜையில் வரிசையாக வைத்து "நீங்களே போட்டுக்குங்க" என்றால் முதல் நாலு பேர் உருளையைக் காலி செய்வார்கள், கடைசி ஆளுக்குக் கரண்டியும் பாத்திரமும் மோதுகிற சத்தம்தான் மிஞ்சும். கையால் பரிமாறினால் அளவு உங்கள் கையில். சாப்பிடுகிறவருக்கும் கேட்டுக் கேட்டுப் போட்ட நிறைவு.

பரிமாற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நீங்கள், இன்னொருவர் வீட்டு ஆண்பிள்ளை. ஆம், அவர்தான்.

இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம். தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, கீழே வலது ஓரத்தில் அல்வா. மேல் பாதியில் இஞ்சிப் பச்சடி ஒரு கரண்டி நுனி அளவு, உருளை, இடப்பக்கம் அப்பளம். இவ்வளவும் வைத்தபிறகு ஆளைக் கூப்பிடுங்கள். உட்கார்ந்ததும் சோறு, நடுவில் குழி, அதில் சொதி. முதல் தடவை ஒன்றரைக் கரண்டி. மறுசோற்றுக்கு எல்லாரும் கேட்பார்கள், அதற்கு வையுங்கள். உருளையும் அப்படித்தான்: கொஞ்சமாக வைத்து இரண்டு தடவை வந்தால், ஒரே தடவை குவித்து வைத்ததைவிடப் பெரிய உபசாரம்.

அலங்காரத்துக்குத் தனிச் செலவு வேண்டாம். டம்ளர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் போதும். இல்லையென்றால் எதிர் வீட்டில் 6 எவர்சில்வர் டம்ளர் கேட்டு வாங்குங்கள். சாப்பிடுகிற இடத்தில் மல்லிகைப் பூவோ ஊதுபத்தியோ வைக்காதீர்கள். தேங்காய்ப்பால் மணம் மென்மையானது, அது ஓடிப்போகும்.

மிஞ்சினால்

சொதி ராத்திரி தாண்டாது. ஃபிரிட்ஜில் வைத்து அன்று ராத்திரியே இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளலாம். இலங்கையில் சொதி இடியாப்பத்தோடு அன்றாடம் சாப்பிடுகிற பண்டம், ஆனால் அது தண்ணியாக, மஞ்சள் போட்டு வைப்பது. சூடு பண்ணும்போது மறுபடியும் அதே எச்சரிக்கை: கொதிக்க விடாதீர்கள்.

ஆனால் பெரும்பாலும் மிஞ்சாது. அதனால் முதல் பந்தி உட்காருவதற்கு முன்பே உங்களுக்கென்று ஒரு கிண்ணம் சொதியும் நாலு துண்டு உருளையும் எடுத்து மூடிவிடுங்கள். ஆச்சி இதை அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். எல்லாரும் தாம்பூலம் போட்டுக்கொண்டு திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போது, அடுக்களைக் கதவை ஒருக்களித்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் எட்டிப் பார்த்தால் ஒரு துண்டு உருளை கிடைக்கும்.