ரயிலடிச் சிற்றுண்டிச்சாலை உணர்த்தும் பாடம்

மக்கள் கூடி உண்ணும் இடங்கள் ஒரு நாட்டின் சமுதாய வாழ்வைக் காட்டும் கண்ணாடி எனலாம். திருமண வீட்டுப் பந்தியில் உறவினர் அமர்வர். திருவிழா அன்னதானத்தில் ஊரார் அமர்வர். ஆயின், முன்பின் அறியாதவரையும் ஒரே மேசையில் அருகருகே அமரச் செய்யும் இடம் ஒன்று உண்டு. அதுவே இருப்புப்பாதையின் ஓரத்தில் அமைந்த சிற்றுண்டிச்சாலை. ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் ரயில் நிலையத்தை ஒட்டி 1938ஆம் ஆண்டு தொடங்கிய அத்தகைய சிற்றுண்டிச்சாலை ஒன்றையும், அது நமக்கு உணர்த்தும் பாடத்தையும் இங்கு ஆராய்வோம்.

ஜொகூருக்கு ரயில் வந்த வரலாறு

மலாயாவின் மேற்குக் கரை மாநிலங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ரயில் ஓடத் தொடங்கியது. காடு அடர்ந்த ஜொகூருக்கு அது சற்றுப் பின்னரே வந்தது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறக்குறைய 120 மைல் நீளமுள்ள பாதை 1909ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. சிகாமட், லாபீஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் முதலிய ஊர்கள் இப்பாதையில் அமைந்தவை. ஜொகூர் நீரிணையின் குறுக்கே பாலம் கட்டப்பட்டு, 1923ஆம் ஆண்டில் ரயில்கள் அதன் வழியே சிங்கப்பூர் சென்றன. அதற்கு முன்னர் பயணிகள் ஜொகூர் பாருவில் இறங்கிப் படகின் மூலமே நீரிணையைக் கடக்க வேண்டியிருந்தது.

மலாயாவின் இருப்புப்பாதைகளை அமைப்பதிலும் பேணுவதிலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பெரும்பங்கு ஆற்றினர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணிபுரிந்தனர். பாதை வந்தபின் அதன் இருமருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லைப் பெயராகக் கொண்ட குளுவாங், இவ்வாறு தோட்டங்களும் ரயிலும் சேர்ந்து வளர்த்த நகராகும்.

வண்டி நின்றது, வாணிகம் பிறந்தது

ரயில் நிலையத்தில் உணவுக்கடை ஏன் தோன்றியது என்பதை அறிய, நீராவி இயந்திரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். நீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியின் வலிமையால் அது ஓடுகிறது. பயன்பட்ட ஆவி புகைபோக்கியின் வழியே வெளியேறிவிடுவதால், நீர் ஓயாது குறைந்துகொண்டே இருக்கும். ஆகவே, குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் தொட்டியை நிரப்பியாக வேண்டும். ஒற்றைத் தடப் பாதையாயின் எதிர்வரும் வண்டிக்கு வழிவிடவும் காத்திருத்தல் வேண்டும். இயந்திரம் நீர் பருகும் வேளையில் பயணிகளும் பசியாறினர்.

தமிழகத்தில் இதற்கோர் இணை உண்டு. வண்டிகள் நீர் நிரப்ப நின்ற மணப்பாறை நிலையத்தில் விற்கப்பட்ட முறுக்கு, பயணிகளின் கைவழியே நாடெங்கும் பரவிப் புகழ்பெற்றது. நிலையத்து வாணிகத்தின் விளம்பரப் பலகை பயணியின் நாவே என்பதற்கு இது சான்றாகும்.

குளுவாங் நிலையத்துச் சிற்றுண்டி

குளுவாங் சிற்றுண்டிச்சாலையை ஏற்று நடத்தியவர்கள் ஹைனான் சீனக் குடும்பத்தினர். சீனரில் ஹைனான் தீவினர் மலாயாவுக்குச் சற்றுப் பிந்தி வந்தவர்கள். முன்னரே பிறர் ஊன்றிவிட்ட பல தொழில்களில் அவர்களுக்கு இடம் கிட்டவில்லை. ஆங்கிலேயர் இல்லங்களிலும் விடுதிகளிலும் சமையற்காரர்களாக அமர்ந்தனர். அங்குக் கற்ற கைத்திறனையே மூலதனமாக்கிப் பின்னர்க் காப்பிக்கடைகளைத் திறந்தனர். குளுவாங் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைப் பேணி வந்துள்ளது.

அக்கடையின் உணவு வகைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். கரி அடுப்பில் வாட்டிய பன் ரொட்டி. அதன் நடுவே வெண்ணெயும், தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்துக் கிண்டிய காயாவும். கொதிநீரில் சில நிமிடம் வைத்தெடுத்துக் கிச்சாப்பும் மிளகுத்தூளும் தூவிய அரைவேக்காட்டு முட்டை. வாழையிலையில் பொதிந்த நாசி லெமாக். இவற்றோடு சூடான காப்பி. இவை யாவும் ரயிலின் நேரத்தோடு பொருந்துவதைக் காணலாம். ரொட்டி நொடியில் வாடிவிடும். முட்டைக்கு அடுப்பருகே ஆள் நிற்கத் தேவையில்லை. நாசி லெமாக் முன்னரே பொதியப்பட்டிருப்பதால், மணி அடித்ததும் கையோடு எடுத்துக்கொண்டு வண்டி ஏறலாம். காப்பியோ துணிப்பையில் வடித்து ஆயத்தமாக இருக்கும். சுடுநீரும் டின் பாலும் கலந்தால் போதும். காலத்தின் அருமை அறிந்து அமைந்த சமையல் இது.

காப்பியும் நம் முன்னோரும்

அக்கோப்பையில் நம் முன்னோரின் வரலாறும் கலந்துள்ளது. ரப்பருக்கு முன்னர் மலாயாவின் ஐரோப்பியத் தோட்டங்கள் பலவற்றில் பயிரானது காப்பியே. இலங்கையில் இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்தபின், துரைமார் சிலர் இங்கு வந்து காப்பி பயிரிட்டனர். அத்தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர்கள் அழைத்துவரப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரேசில் நாட்டின் மிகை விளைச்சலால் விலை வீழ்ந்தது. காப்பிச் செடி நின்ற நிலத்தில் பால்மரம் நடப்பட்டது. எனினும் காப்பி ஜொகூரை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை. மேற்கு ஜொகூரின் கரிமண் நிலத்திலும் தாங்கி வளரும் லைபீரிக்கா இனம் இன்றும் சிறுதோட்டக்காரர்களால் பயிரிடப்படுகிறது. நம் நாட்டு வழக்கப்படி சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்படுவதால் கொட்டைக்குக் கருநிறமும் தனி மணமும் உண்டாகின்றன.

ஒரே மேசை

இனி, இப்பாடத்தின் உயிர்நாடிக்கு வருவோம். ரயில் எல்லாரையும் ஒரே தடத்தில் ஏற்றிச் சென்றது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மேசையில் அமர்த்திவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்திய நிலையங்களில் இந்துக்களுக்கு ஒரு குடத்திலும் முஸ்லிம்களுக்கு வேறொரு குடத்திலும் குடிநீர் வழங்கப்பட்டது. தமிழகத்து ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்கென்று தனியிடமும் ஏனையோருக்கு வேறிடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. இக்கொடுமையை எதிர்த்துப் பெரியார் ஈ.வெ.ரா. முதலியோர் போராடினர். 1941ஆம் ஆண்டில்தான் அப்பிரிவினை நீக்கப்பட்டது. குளுவாங் சிற்றுண்டிச்சாலை தொடங்கி மூன்று ஆண்டுகள் கழித்தே, தமிழன் தன் சொந்த மண்ணில் ரயிலடியில் சமமாக அமர்ந்து உண்ண முடிந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

நம் தோட்டங்கள் மட்டும் இக்குறைக்கு விலக்காக இருந்தனவா? இல்லை. கடல் கடந்து வந்தபோது சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். ஒரு காலத்தில் சில தோட்டங்களில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைக்கும் வழக்கம் இருந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார் இத்தகைய வேற்றுமைகளைக் கண்டித்துப் பேசினார். சீர்திருத்தச் சங்கங்கள் பின்னர் அப்பணியைத் தொடர்ந்தன.

நிலையத்து மேசையோ வேறு விதமாகப் பாடம் புகட்டியது. வண்டி புறப்படப் பத்து நிமிடமே உள்ளபோது, காலியான நாற்காலியில் யாரும் அமர்ந்தே ஆகவேண்டும். பக்கத்தில் இருப்பவர் யார், எவர் என்று ஆராய நேரமில்லை. இன்று குளுவாங்கில் சீனர் காய்ச்சிய காப்பியும் மலாய் மக்களின் நாசி லெமாக்கும் ஒரே மேசைக்கு வருகின்றன; மூவினத்தாரும் அம்மேசையைச் சூழ்ந்து அமர்கின்றனர். ஒற்றுமையை மேடையில் பேசுவது எளிது. ஒரே மேசையில் நாள்தோறும் அமர்ந்து உண்பதே அதன் நடைமுறை.

வண்டி நில்லாத காலம்

1957ஆம் ஆண்டில் டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கின. நீருக்காக நிற்கும் தேவை படிப்படியாக மறைந்தது. நிற்கும் நேரம் குறைந்ததும் நிலையத்து வாணிகத்தின் ஊற்று வற்றலாயிற்று. 1932இல் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலும் உணவுக்கடைகள் இருந்தன. 2011 ஜூன் 30ஆம் நாளன்று அங்கு ரயில் சேவை முடிவுற்றது. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே இறுதி வண்டியை ஓட்டிச் சென்றார்கள். நிலையத்தோடு அக்கடைகளும் மறைந்தன. 2025ஆம் ஆண்டில் இரட்டைத் தடத்தில் மின்சார விரைவு ரயில் குளுவாங் வரை வந்தது. பயணம் விரைவாயிற்று, நம் மக்களுக்கு இது பெரும் நன்மையே. ஆனால் விரைவு வண்டிகள் சிறு நிலையங்களில் நிற்பதில்லை.

அவ்வாறாயின் குளுவாங் சிற்றுண்டிச்சாலை எங்ஙனம் நிலைத்தது? வண்டிக்குக் காத்திராதவர்களும் அதனைத் தேடி வந்தமையால்தான். நகர மக்கள் காலைப் பசியாறலுக்கு அங்கு வந்தனர். வெளியூர் சென்றவர்கள் பண்டிகைக்குத் திரும்பும்போது பிள்ளைகளை அழைத்து வந்தனர். சுவையிலும் பழைய முறையிலும் கொண்ட உறுதி வாடிக்கையாளரைத் தந்தது. வாடிக்கையாளர் கடைக்கு உயிர் தந்தனர். பின்னர் வணிக வளாகங்களிலும் அதன் கிளைகள் தோன்றின.

நாம் கொள்ள வேண்டியது

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் வரும் இக்காலத்தில், இவ்வரலாறு நமக்கு வெறும் பழங்கதை அன்று. தோட்டத்தை நம்பியே வாழ்ந்த நம் குடும்பங்களும் வண்டி நில்லாத நிலையத்தைப் போன்ற நிலையை எய்தியவையே. ஹைனான் மக்கள் பிறர் சமையலறையில் கற்ற தொழிலைத் தமதாக்கி உயர்ந்தனர். நம் தாய்மார்களின் தோசையும் இடியப்பமும் அதற்குக் குறைந்தவை அல்ல. கைத்திறன், தூய்மை, காலந்தவறாமை, மாறாத தரம் ஆகிய நான்கும் இருப்பின் சிறு கடையும் தலைமுறைகளைத் தாங்கும்.

அத்தகைய கடையை நம்மவர் திறக்கும்போது மேசையை அகலமாகப் போடுதல் வேண்டும். எவரும் தயங்காது வந்து அமரக்கூடிய மேசையே நெடுநாள் நிற்கும்.