சிறுநீர்ப்பை இறக்கமும் நீர்க்கசிவும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிறுநீர்ப்பை பெண்ணின் பிறப்புவழியின் முன்சுவரை ஒட்டி இருக்கிறது. பிரசவம், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவது, ஆண்டுக்கணக்கான இருமல், மலச்சிக்கல், சுமை தூக்கும் வேலை ஆகியவற்றால் நடுவிலுள்ள தாங்குதிசு தளர்ந்தால், பை சரிந்து பிறப்புவழிக்குள் புடைத்து நிற்கும். ‘அடி இறக்கம்’, ‘சதை இறங்குது’ என்று பெண்கள் சொல்வது பல வேளைகளில் இதையோ, இதோடு சேர்ந்த கர்ப்பப்பை இறக்கத்தையோதான்.

நம்பிக்கை: இறங்கியதை ஏற்றித் தைத்துவிட்டால் கசிவும் நின்றுவிடும்.

ஏமாற்றம் அதிகம் பிறப்பது இங்கேதான். இறக்கம் வேறு, கசிவு வேறு. கசிவிலும் முக்கியமாக இரண்டு வகை உண்டு. இருமினால், தும்மினால், சிரித்தால், குனிந்து தூக்கினால் சொட்டுவது ஒன்று. சிறுநீர்க்குழாய்க்குப் போதிய தாங்கல் இல்லாததே பெரும்பாலும் அதற்குக் காரணம். திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் வெளியேறிவிடுவது மற்றொன்று. அது பையின் தசை வேளை தவறிச் சுருங்குவதால் வருவது. முதல் வகைக்குத்தான் குழாயின் அடியில் நாடா வைக்கும் ‘ஸ்லிங்’ அறுவை சிகிச்சை. இரண்டாம் வகைக்கு அது மருந்தல்ல. சிறுநீரை அடக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியும் மாத்திரைகளும்தான் அதற்கு முதல் சிகிச்சை.

இந்த நம்பிக்கைக்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. பை மிகவும் சரிந்திருக்கும்போது சிறுநீர்க்குழாய் மடங்கிக் கசிவை மறைத்துவிடும். அறுவை சிகிச்சையில் பை மேலே ஏறியதும் மடிப்பு நிமிர்ந்து, அதுவரை இல்லாத கசிவு தலைகாட்டும். அதனால்தான் மருத்துவர் இறக்கத்தை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்கிறார். கூச்சத்தில் இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களுக்கே பிறகு அதிர்ச்சி காத்திருக்கிறது.

நம்பிக்கை: கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்.

சிறுநீர்ப்பை இறக்கத்துக்கு உரிய சிகிச்சை, முன்சுவரின் தளர்ந்த திசுவைச் சுருக்கித் தைப்பது. கர்ப்பப்பையை நீக்குவது மட்டும் பையை மேலே ஏற்றாது. நீக்கிய பிறகு பிறப்புவழியின் உச்சியே இறங்கிவரவும் கூடும். கர்ப்பப்பையும் இறங்கியிருந்தால்கூட அதை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகள் உள்ளன. மும்பை மருத்துவர்களான ஷிரோத்கர், புரந்தரே ஆகியோரின் பெயரால் வழங்கும் அறுவை முறைகள், இளம்பெண்களின் கர்ப்பப்பையைக் காப்பதற்கென்றே உருவானவை.

நம்பிக்கை: அறுவை சிகிச்சையைத் தவிர வழியில்லை.

லேசான இறக்கத்துக்கும், இருமும்போது வரும் கசிவுக்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இதை விவரித்தார். சரியான தசையை இறுக்கக் கற்றுக்கொண்டு, குறைந்தது 3 மாதம் நாள்தோறும் செய்தால்தான் பலன் தெரியும். வெளியே வந்துவிட்ட பையை மட்டும் எந்தப் பயிற்சியும் உள்ளே ஏற்றாது. அதற்கு ‘பெசரி’ எனும் சிலிக்கோன் வளையம் இருக்கிறது. அறுவை சிகிச்சை தாங்காத முதியவர்களுக்கு அது பெரிய உதவி. மேலும் பிள்ளை பெற விரும்புபவர்கள் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே வழக்கம்.

நம்பிக்கை: இறக்கத்தைத் தாங்கச் செயற்கை வலை வைப்பது முற்றிலும் தடைசெய்யப்பட்டது.

பாதி உண்மை. வலை திசுவை அரித்து வெளியே வருவது, தீராத வலி போன்ற புகார்கள் பெருகின. இறக்கத்துக்காகப் பிறப்புவழியே பொருத்தும் வலைகளின் விற்பனையை 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்தியது. கசிவுக்கான ஸ்லிங் நாடாவுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. ஆனால் இங்கிலாந்தில் 2018இல் நாடாவும் சேர்த்தே இடைநிறுத்தப்பட்டது. செயற்கை நாடா வேண்டாம் என்பவர்களுக்கு, அவர்கள் வயிற்றுத் திசுவிலிருந்தே பட்டை எடுத்து வைக்க முடியும்.

நம்பிக்கை: அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

இரண்டும் கெடுதல். பிறப்புவழியாகச் செய்யும் அறுவையில் வயிறு கிழிக்கப்படுவதில்லை. உள்ளே வைத்த துணிச்சுருளையும் சிறுநீர் வடிக்கும் செயற்கைக் குழாயையும் வழக்கமாக ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். சீக்கிரம் எழுந்து நடப்பது காலில் இரத்தம் உறைவதைத் தடுக்கும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலமும் இறுகும். முக்குவது புதுத் தையலுக்குப் பகை. தையல் தானாகவே கரையும்; சில வாரங்களுக்கு வெள்ளைப்படுவதுபோல் திரவம் வருவது இயல்பு. தாம்பத்திய உறவுக்குச் சுமார் 6 வாரம் இடைவெளி வேண்டும். சுமை தூக்குவதற்கும் அதே கெடு, சிலருக்கு 3 மாதம்வரை. நிரம்பிய தண்ணீர்க்குடம் 10 கிலோவைத் தாண்டும். ஆகவே இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பது நோயாளியைவிட வீட்டாரின் கையில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதும்.

முன்சுவர்த் தையலுக்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் மூவருக்கு இறக்கம் திரும்புகிறது. திரும்பியவர்கள் எல்லாருக்கும் தொல்லை இருப்பதில்லை. மறு அறுவை தேவைப்படுவோர் அவர்களில் ஒரு பகுதியினரே. நாள்பட்ட இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் மருத்துவம் பார்ப்பது, உடல் எடையைக் குறைப்பது, தசைப் பயிற்சியைத் தொடர்வது ஆகியவை தையலின் மேல் விழும் சுமையைக் குறைக்கும்.

வீடு திரும்பியபின் காய்ச்சல், துர்நாற்றத்துடன் கசிவு, அதிக இரத்தப்போக்கு, சிறுநீர் போக முடியாமை, கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.