மூத்தவள் நீ அல்லவா?



வீட்டுக்கு மூத்த பெண்ணாகப் பிறந்தவர்கள் கேட்காமல் வளர முடியாத சொல் ஒன்று உண்டு. தேங்காய்ச் சில்லுக்குத் தம்பி அழுதால், "மூத்தவள் நீ அல்லவா? விட்டுக்கொடு" என்பார்கள். அவன் வாய்க்கால் ஓரம் ஓடினால், "மூத்தவள் நீ அல்லவா? பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்பார்கள். நம் பென்சிலை அவனே ஒடித்தாலும் கிடைப்பது அதே சொல்தான். இந்தச் சொல்லில் அன்பு எவ்வளவு, சுமை எவ்வளவு என்பதை இக்கட்டுரையில் சற்று ஆராய்வோம்.

மொழி காட்டும் உறவு

ஆங்கிலத்தில் உடன்பிறந்த பெண் மூத்தவளானாலும் இளையவளானாலும் 'சிஸ்டர்'தான். தமிழிலோ அக்காள் வேறு, தங்கை வேறு. அண்ணன் வேறு, தம்பி வேறு. முன்னே பிறந்தவர் யார், பின்னே பிறந்தவர் யார் என்பதை நம் உறவுப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. பழந்தமிழில் இன்னும் நுட்பமான முறை இருந்தது. என் தம்பி 'எம்பி'. உன் தம்பி 'நும்பி'. அவன் தம்பிதான் 'தம்பி'. அவ்வாறே எங்கை, நுங்கை, தங்கை என்றனர். காலப்போக்கில் மற்றவை வழக்கொழிய, தம்பியும் தங்கையும் எல்லாருக்கும் பொதுவாக நின்றுவிட்டன. இன்று தஞ்சைக் கடைத்தெருவில் முன்பின் அறியாத சிறுவனையும் 'தம்பி' என்கிறோம். பேருந்தில் இடம் கொடுத்த பெண்ணை 'அக்கா' என்கிறோம். வீட்டில் கற்ற உறவை ஊருக்கெல்லாம் விரிப்பது நம் வழக்கம்.

ஒரு வீட்டின் ஒரு நாள்

இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு சிற்றூர் வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்காளுக்குப் பத்து வயது, தம்பிக்கு மூன்று. விடியற்காலையில் அம்மா வாசல் தெளிக்க, அக்காள் கோலம் போடுகிறாள். தூக்கம் கலையாத தம்பி கோலத்தின் நடுவே வந்து நிற்கிறான். அவனுக்குப் பல் துலக்கிவிடுவதும், சட்டை மாட்டுவதும், பழைய சோற்றைப் பிசைந்து ஊட்டுவதும் அவள் வேலை. பாட்டி பக்கத்தில் யார் படுப்பது என்று முன்னிரவில் போட்ட சண்டை இருவருக்கும் மறந்துவிட்டது. ஆடிப் பதினெட்டு வந்தால் அவனைச் சப்பரத்தோடு ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறவளும் அவளே. சப்பரத்தின் கயிறு அவன் கையில் இருக்கும்; அவன் கை அவள் கையில் இருக்கும்.

இவை வீண் வேலைகள் அல்ல. பொறுமையையும், பிறர் பசி அறிதலையும், சொன்ன சொல் காத்தலையும் நாம் முதன்முதலாகக் கற்கும் பள்ளி இதுவே. அக்காள் இடுப்பில் ஏறி வளர்ந்த தம்பிதான் நாளை தாய்மாமன் ஆகிறான். அவள் குழந்தைக்குக் காது குத்தும் நாளில், அக்குழந்தை அமர்வது அவன் மடியில். சிறு வயதில் சுமந்த அன்பு இவ்வாறு ஒரு தலைமுறை கழித்துத் திரும்பி வருகிறது.

ஆற்று நீரும் பள்ளி மணியும்

ஆனால் இந்தச் சித்திரத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது 1934ஆம் ஆண்டு. அதிலிருந்து பாசனத்துக்கு நீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் குறைந்த ஆண்டுகளில் இது தள்ளிப்போவதும் உண்டு. திறந்த நீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து வயல்களுக்குப் பாய்கிறது. குறுவை நடவு தொடங்குகிறது. நம் பள்ளிகள் திறப்பதும் அதே ஜூன் மாதத்தில்தான்!

நடவு பெண்களின் வேலை. வெயில் ஏறும் முன் வயலில் இறங்கியாக வேண்டும். ஒரு நாள் தவறினால் ஒரு நாள் கூலி போயிற்று. வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடும்போது மூன்று வயதுப் பிள்ளையைத் தனியே விடவும் முடியாது. ஆகவே, "இன்று ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாதே" என்று தாய் மூத்த மகளிடம் சொன்னாள். அது கொடுமையால் சொன்னது அன்று. வேறு வழியின்றிச் சொன்னது. ஒரு நாள் ஒரு வாரமாகும். அதற்குள் கணக்கில் பின்னம் நடத்தி முடித்திருப்பார்கள். சம்பா அறுவடை தையில் வரும்போது மறுபடியும் அதே கதை, தேர்வோ நெருங்கிவிடும். விளங்காத பாடத்தின் முன் உட்காரக் கூசி, ஒரு நாள் அவள் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவாள். நம் சிற்றூர்களில் நின்றுபோன படிப்புகள் பலவற்றின் கதை இதுவே.

இந்தக் கட்டை எது அவிழ்த்தது? தம்பிக்கும் ஓர் இடம் கிடைத்ததுதான். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது. அதன் வழியாக அங்கன்வாடிகள் வந்தன. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கும் சோறிட்டது. தம்பி பாலர் பள்ளியில் உண்டு உறங்கினால் அக்காள் வகுப்பில் அமரலாம். சிறியவனுக்கு இட்ட ஒரு பிடி சோறு, பெரியவளுக்கு ஒரு பலகையில் இடம் பெற்றுத் தந்தது. 2010 ஏப்ரல் முதல் 6 வயது முதல் 14 வயது வரை கல்வி சட்டப்படி உரிமையாகவும் ஆகிவிட்டது. இன்று பல வயல்களில் நடவு இயந்திரமும் ஓடுகிறது. ஆயினும், "மூத்தவள் நீ அல்லவா?" என்ற சொல் மட்டும் வீடுகளில் ஓயவில்லை.

கல்லில் எழுதிய கணக்கு

நம் தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராச சோழர் 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்தார் என்பது நாம் படித்ததே. அங்குள்ள கல்வெட்டு ஒன்று நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கோயிலுக்குத் தாம் கொடுத்தவற்றையும், தம் அக்காள் கொடுத்தவற்றையும், தம் தேவியரும் மற்றவரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு அவர் ஆணையிட்டார். அந்த அக்காள் குந்தவைப் பிராட்டியார். கல்வெட்டு அவரை 'அக்கன்' என்றே குறிக்கிறது. பேரரசர் ஒருவர் தமக்கு அடுத்த இடத்தில் தம் தமக்கையை வைத்தார். அவர் கொடுத்ததைத் தம் கணக்கில் கலந்துவிடவில்லை. தனியே எழுதச் செய்தார்.

நம் வீடுகளில் அக்காள் கொடுப்பது பொன்னும் பொருளும் அல்ல. விளையாடும் நேரத்தையும், படிக்கும் நேரத்தையும், சில வேளை தூக்கத்தையும் கொடுக்கிறாள். அதை எங்கே எழுதுகிறோம்?

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு சிறு விண்ணப்பம். தம்பி ஐந்து வயதானதும் அவன் தட்டை அவனே கழுவட்டும். பத்து வயதானதும் தண்ணீர்க் குடத்தில் ஒன்று அவனுடையது ஆகட்டும். வீட்டு வேலையை வயதுக்கேற்பப் பிரியுங்கள்; பெண், ஆண் என்று பிரிக்காதீர்கள். அக்காள் படிக்கும் ஒரு மணி நேரத்தில் அவளை எதற்கும் கூப்பிடாதீர்கள்.

தோழியரே, நமக்கும் ஒரு சொல். தின்பண்டத்துக்குச் சண்டை வந்தால் ஒருவர் பங்கு பிரிக்கட்டும். மற்றவர் முதலில் எடுக்கட்டும். எவ்வளவு நேர்மையாகப் பங்கு விழுகிறது என்று பாருங்கள்! விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் அதை இருவரும் கற்க வேண்டும். எப்போதும் ஒருத்தியே விட்டுக்கொடுத்தால், மற்றவன் எடுத்துக்கொள்ள மட்டுமே கற்றுக்கொள்வான். அது அவனுக்கும் நல்லதன்று.

இன்று மாலை வீடு சென்றதும், தம்பியையோ தங்கையையோ அருகில் அழைத்து, ஒரு வேலையை அன்போடு ஒப்படைப்போம். இளையவராய்ப் பிறந்த தோழியர் தாமே முன்வந்து ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அப்போது, "மூத்தவள் நீ அல்லவா?" என்ற சொல்லுக்குப் புதிய விடை ஒன்று கிடைக்கும்: "ஆம், மூத்தவள்தான். ஆனால் தனியாள் அல்லள்."