லண்டன் ஏரியில் தூண்டில் போடும் முன்

கோடை வந்ததும் ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் பல வீடுகளில் ஒரு யோசனை எழும்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏதாவதொரு ஏரிக்கு மீன் பிடிக்கப் போவோம். நல்ல யோசனைதான். திரையை விட்டுப் பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துப் பொறுமையாக உட்கார இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் தங்கூசியும் தூண்டிலும் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தத் தண்ணீர் யாருடையது? வன்னிக் குளங்களின் கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. இங்கே நடக்கும் தவறுகளில் பாதி அதனால்தான் வருகின்றன.

“லைசென்ஸ் எடுத்துவிட்டோம், இனி எங்கேயும் பிடிக்கலாம்” என்ற நம்பிக்கையே முதலாவது. இங்கிலாந்தில் நன்னீர் மீனுக்குத் தூண்டில் போடும் 13 வயது நிறைந்த எவரும் சுற்றுச்சூழல் முகமையின் ராட் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். ஒரு நாள், எட்டு நாள், ஓராண்டு என்று அரசின் இணையதளத்தில் வாங்கலாம். 13 முதல் 16 வயதுவரை இலவசம். ஆனால் அதையும் பதிவு செய்து பெற வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டுவரை போகலாம். இந்த லைசென்ஸ் தூண்டில் போடுவதற்கான அனுமதி மட்டுமே. எந்தக் கரையிலும் இறங்கும் உரிமையை அது தராது. ஏரிக்காரரிடம் தனியாகப் பெர்மிட் வாங்க வேண்டும்.

வால்தம்ஸ்டோ வெட்லண்ட்ஸை எடுத்துக்கொள்வோம். பத்து நீர்த்தேக்கங்கள் கொண்ட இந்த இடம் 2017 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நடந்து பார்க்கக் கட்டணம் இல்லை என்பதால் மீனும் பொது என்று நினைத்துவிடுகிறார்கள். அது தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் சொத்து; சுமார் 35 லட்சம் பேரின் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. குறிப்பிட்ட நீர்த்தேக்கங்களில், அவர்களுடைய சீட்டு வாங்கியவர்கள் மட்டுமே தூண்டில் போடலாம். ஹைட் பார்க்கின் சர்பன்டைன் ஏரிக்கு ராயல் பார்க்ஸ் பெர்மிட் தேவை. தனிப் பெர்மிட் இல்லாமல் லைசென்ஸோடு மட்டும் மீன் பிடிக்க விரும்பினால், டெடிங்டன் லாக்குக்குக் கீழே கடல் ஓதத்தோடு ஏறி இறங்கும் தேம்ஸ் இருக்கிறது. 1957இல் உயிரற்ற நதி என்று அறிவிக்கப்பட்ட அதில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்கள் வாழ்கின்றன.

“அப்பாவிடம் லைசென்ஸ் இருக்கிறது, குடும்பத்துக்கே அது போதும்” என்பதும் தவறு. தூண்டிலைக் கையில் பிடிப்பவரிடம் அவருடைய லைசென்ஸ் இருக்க வேண்டும். ‘கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்’ என்று தம்பியிடம் கொடுத்தாலும் சட்டம் அதுவே.

அடுத்தது, நம்மவர்களுக்கு மனம் ஒப்பாத விஷயம். “பிடித்த மீன் நமக்குத்தானே, குழம்பு வைக்கலாமே.” ஏரியிலும் குளத்திலும் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு மீனையும் எடுத்துப்போக முடியாது, 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தில் இதற்கென்றே பிரிவு உண்டு. ஆற்றில் ஒரு நாளைக்கு 65 சென்டிமீட்டருக்கு மேற்படாத பைக் மீன் ஒன்றும், குறிப்பிட்ட இனங்களில் 20 சென்டிமீட்டருக்குள் 15 சிறு மீன்களும் எடுக்கலாம். விலாங்கை எங்கே பிடித்தாலும் திரும்ப விட்டுவிட வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. நம் குளங்களின் திலாப்பியா வெதுவெதுப்பான நீரில் சில மாதங்களிலேயே முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடும். இங்கே குளிர்ந்த நீரில் கார்ப் மீன் முட்டையிடவே சில ஆண்டுகள் ஆகும். கையில் தூக்க முடியாத கார்ப் ஒன்று இருபது, முப்பது ஆண்டு வாழ்ந்ததாக இருக்கலாம். அதைப் பலர் பிடித்து, படம் எடுத்து, ஈரப் பாயில் வைத்துக் கொக்கியைக் கழற்றி மறுபடி விட்டிருப்பார்கள். அதை ஒருவர் சட்டிக்குக் கொண்டுபோனால் அந்தக் கரையில் வெளிநாட்டவர் எல்லோர்மீதும் சந்தேகம் விழுகிறது. ஆங்லிங் டிரஸ்ட் அமைப்பு ‘பில்டிங் பிரிட்ஜஸ்’ என்ற திட்டத்தின் கீழ் பல மொழிகளில் விதிகளை விளக்கி வருவது இதற்காகத்தான். குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் நேர்மையான வழி ட்ரவுட் நீர்நிலைகள். கென்ட் எல்லையில் 1975இல் கட்டி முடித்த ப்யூல் வாட்டர் போன்ற இடங்களில், எத்தனை மீன் கொண்டுபோகலாம் என்பது சீட்டைப் பொறுத்தது. இத்தகைய இடங்கள் பலவற்றில் மண்புழு கூடாது. இறகில் கட்டிய செயற்கை ஈதான். அந்த வீச்சைப் பழகிக்கொண்டு போவது நல்லது.

“மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை எங்கும் பிடிக்க முடியாது” என்பது பாதி உண்மை. அந்தத் தடை ட்ரவுட், சால்மன் தவிர்ந்த நன்னீர் மீன்களுக்கு, ஆறுகளிலும் ஓடைகளிலும் பொருந்தும். பெரும்பாலான ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் இல்லை. ஆனால் உரிமையாளர் தாமாகவே தடை வைக்கலாம்; சர்பன்டைனில் ஜூன் 16க்குப் பிறகுதான். ஈஸ்டர் விடுமுறைக்குத் திட்டம் போடுபவர்கள் இதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

பழைய பெட்டியில் கிடக்கும் ஈயக்குண்டுகளையும் பாருங்கள். அன்னங்கள் விழுங்கி இறந்ததால் 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளுக்கு 1987 முதல் தடை இருக்கிறது.

கடைசியாக, “வலையைக் காரில் போட்டுக்கொண்டு அப்படியே அடுத்த ஏரிக்குப் போகலாம்” என்பது. 2010இல் கேம்பிரிட்ஜ்ஷையரின் கிராஃபம் வாட்டரில் ‘கில்லர் ஷ்ரிம்ப்’ என்ற அயல்நாட்டு இறால் வகை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளூர்ச் சிற்றுயிர்களைக் கொன்று தின்னும் அது, ஈரமான வலையிலும் காலணியிலும் பல நாள் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு முறையும் சேற்றையும் செடியையும் எடுத்து, கழுவி, முழுதாக உலர்த்த வேண்டும். சனியும் ஞாயிறும் இரு வேறு ஏரிகளுக்குப் போவதாக இருந்தால், இரண்டாவது நாளுக்குக் காய்ந்த வேறொரு வலையை எடுத்துச் செல்லுங்கள்.