ராகம் தெரியாமலே கச்சேரிக்குப் போகலாம்

மார்கழியில் சபாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ராகம் பிரித்தறியத் தெரிந்தவர்களா என்ன? பாதிப் பேர், "என்ன ராகம், மோகனமா?" என்று பக்கத்து இருக்கையைக் கிசுகிசுத்துக் கேட்பவர்கள்தான். யாரும் அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. அறிவியல் உரைக்குக் கூப்பிட்டால் மட்டும், "நமக்கு பிசிக்ஸெல்லாம் வராதுங்க" என்று நழுவிவிடுகிறார்கள். சென்னை கணித அறிவியல் நிறுவனம் இந்தக் கூச்சத்தை அறிந்துதானோ என்னவோ, 2016-இல் 'சயின்ஸ் அட் த சபா' என்று பெயர் வைத்து, மியூசிக் அகாடமியிலேயே விஞ்ஞானிகளை மேடையேற்றியது. டிக்கெட் கிடையாது.

சென்னைவாசிகளுக்கு ஒரு சுலபமான வரைபடம் சொல்கிறேன். பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி என்று ஐந்து நிலையங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகம், பிர்லா கோளரங்கம், தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி, கணித அறிவியல் நிறுவனம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாமே இந்த ஐந்தில் ஏதோ ஒன்றிலிருந்து ஆட்டோ தூரம்தான். கணித அறிவியல் நிறுவனத்துக்கு விதையே வீட்டில் நடந்த உரைகள்தான். மயிலாப்பூரில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டில் மாணவர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்திவந்தார். 1960-இல் அணு இயற்பியலாளர் நீல்ஸ் போர் அங்கே வந்து பார்த்து வியந்தார். 1962-இல் நிறுவனம் பிறந்தது.

உரைக்குப் போக, முதலில் அதன் அறிவிப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஆய்வு நிறுவனங்களின் இணையதளத்தில் வாரத்துக்குப் பத்து உரைகள் அறிவிக்கப்பட்டிருக்கும். 'செமினார்' என்று போட்டு, வேலை நாளில், மதியம் வைத்திருந்தால் அது அவர்களுக்குள் பேசிக்கொள்வது. தப்பித் தவறிப் போனால் பத்தாவது நிமிடமே கண்ணைக் கட்டும். 'கலோக்கியம்' என்றால் வேறு துறைக்காரர்களுக்கும் சொல்வது; கல்லூரியில் அறிவியல் படித்தவர்கள் துணிந்து போகலாம். 'பப்ளிக் லெக்சர்' என்றோ 'பொது உரை' என்றோ இருந்தால்தான் நமக்கு. இது பெரும்பாலும் மாலையிலோ வார இறுதியிலோ இருக்கும்.

மூன்று தேதிகளை காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். ராமன் விளைவு 1928-இல் கண்டறியப்பட்ட பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். செப்டம்பர் 26, அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள், அதையொட்டி அதன் ஆய்வகங்கள் பொதுமக்களுக்குக் கதவு திறப்பதுண்டு. டிசம்பர் 22, கணித மேதை ராமானுஜன் பிறந்தநாள். இந்த நாட்களை ஒட்டிய வாரங்களில் தேடினால் கட்டாயம் ஏதாவது சிக்கும்.

போகும்போது ஆதார் அட்டையோ வேறு அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். ஒரு வளாகத்தின் வாயிலில், அட்டை இல்லாமல் போய் நின்று, உரை முடியும்வரை காவலாளியோடு கிரிக்கெட் பேசிவிட்டு வந்தவன் நான். உரையின் பெயர், நேரம், அரங்கின் பெயர் மூன்றும் செல்போனில் இருந்தால் பதிவேட்டில் கையெழுத்து போட்டுவிட்டு நுழைந்துவிடலாம். பெரிய வளாகங்களில் வாயிலிலிருந்து அரங்கம் வெகுதூரம். அரை மணி முன்னதாகவே போய்ச் சேருங்கள். பல இடங்களில் உரைக்கு முன்பே டீயும் பிஸ்கட்டும் கிடைக்கும் என்பது கூடுதல் காரணம்.

உள்ளே போனால் கடைசி வரிசைக்கு ஓடாதீர்கள். முன்னால் இரண்டாம், மூன்றாம் வரிசை நல்லது. திரையும் தெரியும், தூக்கமும் வராது. நல்ல பேச்சாளர் முதல் கால் மணி நேரத்தில் தன் கேள்வி என்ன என்று சொல்லிவிடுவார். அந்தக் கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். நடுவில் சமன்பாடு வந்து போகும். போகட்டும், தனி ஆவர்த்தனத்தில் தாளம் விட்டுப்போனால் எழுந்தா போகிறோம்? திரையை ஒவ்வொன்றாக செல்போனில் படம் பிடிப்பது வீண். பிடித்தவர்கள் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்கி ஐந்து நிமிடம் சொந்த உரையாற்றுவார். அவர் இல்லாத அரங்கம் இல்லை. நீங்கள் ஒரே வரியில் கேளுங்கள். எந்தத் துறைக்கும் பொருந்தும் இரண்டு கேள்விகள்: "இதை எப்படி அளந்தீர்கள்?", "நீங்கள் சொல்வது தவறென்றால் அது எப்படித் தெரியவரும்?" உரை ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம், சபையில் மொழிபெயர்க்க யாராவது இருப்பார்கள். அதுவும் கூச்சமாக இருந்தால் முடிந்தபின் மேடையருகே நில்லுங்கள். அங்கே கிடைக்கும் ஐந்து நிமிடம் சில சமயம் உரையைவிடச் சுவையாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 'குவான்டம்' என்ற சொல்லோடு சிகிச்சை, செல்வம், ஆற்றல் என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். கேள்வி நேரமே இல்லாமல் கடைசியில் பொருள் விற்றால் அது உரை அல்ல, கடை.

தமிழில் கேட்க விரும்புபவர்களும் சென்னைக்கு வெளியே இருப்பவர்களும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையைக் கேட்டுப் பாருங்கள். 'துளிர்' மாத இதழ் நடத்துபவர்கள் அவர்கள்தான். காரைக்குடிக்காரர்களுக்கு மின்வேதியியல் ஆய்வகம், திருச்சிக்காரர்களுக்கு அண்ணா கோளரங்கம் பக்கத்திலேயே இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளை ஒரு மணி நேர உரைக்கு இழுத்து வராமல் முதலில் கோளரங்கத்துக்குக் கூட்டிப் போங்கள். இருட்டு, குளிர்ந்த காற்று, தலைக்கு மேல் நட்சத்திரங்கள். அவர்கள் நெளியமாட்டார்கள், நீங்கள்தான் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.